கருவாட்டு மாலைக்கு ஒரு மறுப்புச் செய்தி

போன மாதம் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு டீவியில் நான்கு பேர் நான்கு சதுரங்களுக்குள் உட்கார்ந்துகொண்டு ஓர் ஓட்டக்காரனைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு வெளிநாட்டுக் கறுப்பின இளைஞன் அவன். பந்தயத்தில் ஜெயித்துவிட்டு, பரிசு மேடையில் அவன் நாட்டுத் தேசிய கீதம் ஒலிக்கும்போது ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிட்டான். அப்படி உட்காரலாமா கூடாதா என்பதுதான் விவாதம். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியிருக்க முடியாத உடல்வாகு உள்ள ஒருவர் (என்னுடையதும் அதே உடல்வாகு என்பதால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு) விளையாட்டு வீரனுக்கு அடக்கம் முக்கியம் என்றார். இன்னொருவர் அது இடது முட்டியா வலது முட்டியா என்பதில் ஏதோ அர்த்தம் இருப்பதாகச் சொன்னார். உடனே அந்த முட்டியைப் பெரிதாக்கி, வட்டம் போட்டுக் காட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் சித்தப்பா வந்திருந்தார். வழக்கம்போல சோபாவில் உட்காராமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டீவியை வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இன்னாத்துக்குக் குந்திகினானாம்?"

நான் ஆரம்பத்திலிருந்தே பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்கும் தெரியவில்லை. "அதைச் சொல்லல சித்தப்பா" என்றேன்.

"இம்மா நேரமா கத்திகினு கீறானுங்க, அதச் சொல்லலியா?"

"இல்ல."

"அப்ப இவனுங்களும் மீனைப் பத்திதான் பேசிகினு கீறானுங்க. ஆஃப் பண்ணு."

கல்லூரிக்குப் போகிற என் மகள் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினாள். அது அபூர்வம். "ரன்னிங் ரேஸ்ல மீன் எங்கேம்மா வந்துச்சு?" என்று கேட்டாள். சித்தப்பா என் பக்கம் கையைக் காட்டிவிட்டார். அதனால் நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்போது நான் நான்காம் வகுப்பு. எங்கள் குப்பம் திருவொற்றியூரில், கிழக்கே கடலுக்கும் மேற்கே கம்பெனிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. கடல் பக்கமிருந்து காற்று அடித்தால் மீன் வாசனை வரும். கம்பெனி பக்கமிருந்து அடித்தால் மூக்கை எரிக்கிற வேறொரு வாசனை வரும். இரண்டாவது வாசனைக்குத் தொழில் வளர்ச்சி என்று பெயர். எங்கள் பாடப் புத்தகத்தில் அதற்கு ஒரு பாடமே இருந்தது. முதல் வாசனைக்குப் பாடம் கிடையாது.

சித்தப்பா வாலிபால் ஆடுவார். இரண்டு சவுக்கு மரங்களை மணலில் நட்டு, பழைய மீன் வலையைக் குறுக்கே கட்டினால் அதுதான் மைதானம். வலை பின்னத் தெரிந்தவர்களின் ஊர் என்பதால் எங்கள் நெட்டில் ஓட்டையே இருந்ததில்லை. மணலில் எம்பி எம்பிப் பழகிய கால்கள் கெட்டியான தரையில் ஏறினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சித்தப்பா எம்பினால் இறங்குவதற்குள் நாம் ஒரு தடவை மூச்சு விட்டுக்கொள்ளலாம். அவருடைய அண்ணன் மகளான நான் மாடிப்படி ஏறினாலே மூன்று தடவை மூச்சு விடுகிறேன். ரத்த சம்பந்தம் என்பதை அளவோடு நம்புவது நல்லது.

பக்கத்துக் கம்பெனி ஒன்று வருஷா வருஷம் வாலிபால் போட்டி நடத்தும். அதில் நன்றாக ஆடுகிறவனைத் தங்கள் அணிக்கு எடுத்துக்கொண்டு, கூடவே வேலையும் போட்டுக் கொடுப்பார்கள். அந்த வருஷம் சித்தப்பாவை எடுக்கப் போவதாகப் பேச்சு இருந்தது. கம்பெனி வேலை என்றால் காக்கிச் சட்டை, ஷூ, கேன்டீன் சாப்பாடு என்பதெல்லாம் எனக்குத் தெரிந்த கணக்கு. வீட்டுப் பெரியவர்களுடைய கணக்கு வேறு. எங்கள் வீட்டுச் சுவரில் தாத்தாவின் படம் மாட்டியிருந்தது. கடலுக்குப் போனவர் திரும்பி வரவில்லை. அப்பா அதே கடலுக்குத்தான் லாஞ்சில் போய்க்கொண்டிருந்தார். வீட்டில் ஓர் ஆண்பிள்ளையாவது தரையில் நின்று சம்பாதிக்க வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்பட்டார்கள். அதிகம் ஆசைப்பட்டவள் அத்தை. சித்தப்பாவுக்கு அக்கா. கருவாடு விற்று அவரை வளர்த்தவள் அவள்தான்.

அரை இறுதி ஆட்டம் சனிக்கிழமை. கம்பெனி மைதானத்தில் ஷாமியானா, நாற்காலிகள், மைக். அத்தை வியாபாரத்தை மூட்டை கட்டிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு போய் எல்லைக் கயிற்றை ஒட்டி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். எதிர் அணி ஒரு பேங்க்காரர்கள் அணி. எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளை டவுசர் போட்டிருந்தார்கள். எங்கள் ஆட்கள் ஆறு பேரும் ஆறு நிறத்தில் போட்டிருந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் கம்பெனியின் பெரிய ஆபீசர். வேலை போடுவதும் அவர் கையில்தான் என்று அத்தை என் காதில் சொன்னாள். ஆட்டத்துக்கு முன்னால் அவர் வந்து வெள்ளை டவுசர்க்காரர்கள் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். ஒருவர் தோளைக்கூடத் தட்டினார். பிறகு எங்கள் ஆட்கள் பக்கம் வந்தார். முதலில் நின்றது சித்தப்பா. கையை நீட்டினார். ஆபீசர் நீட்டிய கையைப் பார்த்தார். இரண்டடி பின்னால் நகர்ந்து, இரண்டு கையையும் கூப்பி, ஆறு பேருக்கும் சேர்த்து ஒரே கும்பிடாகப் போட்டார். பிறகு பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்களுக்கு வெறும் கை. நம் ஆட்களுக்குக் கும்பிடு. கோயிலில் சாமிக்குப் போடுகிற கும்பிடு. "அத்தை, நம்மாளுங்கள மட்டும் கும்பிட்டாரு, பாத்தியா?" என்றேன். அத்தை வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினாள். அது அவள் வழக்கம் என்பதால் நான் வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர், "கருவாட்டு டீம் களத்தில் இறங்குகிறது! பந்து வழுக்காமல் இருந்தால் சரி!" என்றார். ஷாமியானா சிரித்தது. நானும் சிரித்தேன். நம்மைப் பற்றி மைக்கில் பேசுகிறார்களே.

பந்து வழுக்கவில்லை. பேங்க்காரர்கள்தான் வழுக்கினார்கள்.

மறுநாள் இறுதி ஆட்டம். காலையில் சித்தப்பா அத்தை வீட்டு வாசலில் வந்து நின்றார். அவள் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் உதவி செய்கிற சாக்கில் ஓரமாகத் தின்றுகொண்டிருந்தேன்.

"எக்கா, நெத்திலில மாலை கட்டித் தர்றியா? ஆறு வோணும்."

"இன்னாடா, நெத்திலிக்குக் கல்யாணமா?"

"எங்களுக்குத்தான். பரிசு வாங்கும்போது போட்டுக்க."

அத்தை கையை நிறுத்தினாள். "இன்னாத்துக்கு?"

"வாசன வர்துன்னு மூக்க மூடிகினான்ல அந்தாளு? எங்கேந்து வர்துன்னு தெரியாம பாவம் பேஜாராயிட்டான். தெரியட்டும்."

அத்தை சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "வேல கெடைக்கணும்டா" என்றாள்.

"ஜெயிச்சா வேலன்னுதான சொல்லிகீறான். மாலை போட்டா இல்லன்னு சொல்லலியே."

"சொல்லித்தான் தெரியணுமா? பெர்ய ஆளுங்கடா."

"நேத்து கையை நீட்டிகினு நின்னேன்க்கா" என்றார் சித்தப்பா.

அத்தை கொஞ்ச நேரம் கூடையைக் கிளறிக்கொண்டிருந்தாள். மட்டச் சரக்கு இருந்த பக்கம் கை போயிற்று. பிறகு அதைத் தள்ளிவிட்டு நல்ல சரக்கை எடுத்தாள். உப்பும் வெயிலும் சரியாகப் பிடித்த, வெள்ளி மாதிரி மின்னுகிற நெத்திலி. "கய்த்துல போடறது. கலீஜா இருக்கக் கூடாது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மல்லிப்பூ தொடுக்கிற மாதிரியே இரண்டிரண்டாக வைத்து முடிச்சுப் போட்டாள். அப்பா அன்று கடலில் இருந்தார். கரையில் இருந்திருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

இறுதி ஆட்டம் கம்பெனியின் சொந்த அணியோடு. எங்கள் ஆட்கள் ஜெயித்தார்கள். இதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேப்பரில் இந்த அளவுகூட வரவில்லை.

பரிசுக்குக் கூப்பிட்டார்கள். ஆறு பேரும் பையிலிருந்து மாலையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரிசையாக மேடையேறினார்கள். யாரும் சத்தம் போடவில்லை. கோஷம் இல்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழர்கள் வருகிற மாதிரி நிதானமாக வந்து நின்றார்கள். மைக் ஆசாமிக்கு முதல் தடவையாகப் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. ஆபீசர் கையில் கோப்பையோடு நின்றார். சித்தப்பா அவருக்கு நேராகப் போய், முந்தின நாள் நீட்டிய அதே கையை நீட்டினார். ஆபீசர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு கையைக் குறுக்கே தூக்கினார். அந்தக் கணம் பளிச்சென்று ஒரு ஃபிளாஷ் அடித்தது. ஆபீசர் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். கோப்பையைக் கடைசியில் வாட்ச்மேன்தான் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கு மூக்கில் ஜலதோஷமோ என்னவோ, கை கொடுத்துவிட்டுத்தான் போனார்.

மறுநாள் மாலைப் பேப்பரில் செய்தி வந்தது. டீக்கடையிலிருந்து யாரோ வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் எழுத்துக் கூட்டாமல் படிக்கிறவள் நான் என்று பெயர். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அத்தை வீட்டு வாசலில் பெட்டி ஒன்றின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கள் தெருவிலிருந்து அதுவரை பேப்பரில் படம் வந்தவர்கள் எல்லாரும் புயலில் காணாமல் போனவர்கள். உயிரோடு வந்தது சித்தப்பாதான்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி நிறுத்தி, தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். பரிசு மேடையில் மீனவ இளைஞர்கள் ரகளை. சிறப்பு விருந்தினரைத் தாக்க முயற்சி. அழுகிய மீன்களைக் கழுத்தில் அணிந்து வந்து அநாகரிகம். விளையாட்டில் ரவுடித்தனமா என்று கடைசியில் ஒரு கேள்வி வேறு. படத்தில் சித்தப்பாவின் கை நீண்டிருந்தது. ஆபீசரின் முகம் திரும்பியிருந்தது, கை குறுக்கே தூக்கியிருந்தது. கீழே எழுதியிருந்ததைப் படித்துவிட்டுப் பார்த்தால் அறையப் போகிற கை மாதிரியேதான் இருந்தது.

நான் படித்து முடித்துக் கைதட்டலுக்காகக் காத்திருந்தேன்.

"இன்னாது?" என்றாள் அத்தை. "அழுவிப்போன மீனா?"

"எக்கா, அடிக்கப் போனேன்னு போட்டுகீறான். அது உன் காதுல வுழலியா?" என்றார் சித்தப்பா.

"வுழுந்துச்சு. மொதல்ல மீனு. என் நெத்திலி அழுவிப்போச்சா? எவன் மோந்து பாத்தான்?"

செவ்வாய்க்கிழமை அப்பா கரைக்கு வந்தார். கோப்பையைப் பார்த்தார், பேப்பரைப் பார்த்தார், தலையில் கையை வைத்துக்கொண்டார். சித்தப்பாவை இழுத்துக்கொண்டு கம்பெனி டைம் ஆபீஸுக்குப் போனார். ஆள் வருகை போகை பார்க்கிற அந்த அறையில்தான் வேலைக்கு எடுக்கிறவர்களுக்கும் தகவல் சொல்வார்கள். அங்கே இருந்த கிளார்க் நல்ல மனிதர். சித்தப்பாவின் ஆட்டத்துக்கு ரசிகர். "பேப்பர்ல இப்படி வந்த ஆளை நான் எப்படிப்பா மேல சொல்றது? மறுப்புன்னு ஒண்ணு போடச் சொல்லுங்க. வந்துச்சுன்னா எடுத்துட்டு வாங்க, பெரியவர் டேபிள்ல வைக்கிறேன்" என்று சொல்லியனுப்பினார்.

மறுப்பு என்ற வார்த்தை அன்றிலிருந்து எங்கள் வீட்டில் குடியேறியது. அப்பா சாப்பிடும்போதும் மறுப்பு, அம்மா பாத்திரம் கழுவும்போதும் மறுப்பு. ஆனால் பேப்பர் ஆபீஸுக்குப் போகச் சித்தப்பா சம்மதிக்கவில்லை. "நான் போனா, பேப்பர்காரனையும் அடிக்க வந்தான்னு போடுவானுங்க" என்றார். அப்பாவுக்கு மறுநாள் மறுபடி கடல். அத்தை முந்தானையைச் சொருகினாள். "நான் போறேன். படிக்கறதுக்கு பாப்பா வர்ட்டும்."

அத்தை சும்மா போகவில்லை. கருவாட்டுக் கூடையையும் தூக்கிக்கொண்டாள். அது சாட்சி.

திருவொற்றியூரில் ரயில் ஏறி பீச் ஸ்டேஷன் வரைக்கும் போக வேண்டும். அலுவலகம் போகிற நேரம், பெட்டி நிறையக் கூட்டம். ஆனாலும் நாங்கள் ஏறியதும் ஒரு பெஞ்சே காலியானது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். அத்தையோடு போனால் எப்போதும் இப்படித்தான். அம்மாவோடு போனால் நின்றுகொண்டே போக வேண்டும். அத்தைக்கு ஊரில் அவ்வளவு மரியாதை என்று என் வகுப்புத் தோழிகளிடம் சொல்லியிருக்கிறேன். ஜன்னலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு ராயபுரம் வந்தது, போனது எல்லாவற்றையும் பார்த்தேன்.

பேப்பர் ஆபீஸ் யானைக்கவுனிப் பக்கம் ஒரு சந்துக்குள் மாடியில் இருந்தது. மை வாசனை. மேஜை மேஜையாகக் காகிதம். கூடையோடு ஒருத்தி உள்ளே வந்ததும் பல நாற்காலிகள் திரும்பின. கண்ணாடி போட்ட இளைஞர் ஒருவர் எழுந்து வந்து எங்களை உட்காரச் சொன்னார். நல்ல பையன். எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மூக்கு சுருங்குவதை அடக்கிக்கொள்ள அவர் பட்ட பாடு இப்போது நினைத்தாலும் பாவமாக இருக்கிறது.

"சொல்லுங்கம்மா, செய்தில என்ன தப்பு?" என்று கேட்டு, பேனாவைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டார்.

"நைனா, அழுவிப்போன மீனுன்னு போட்டுகீறியே, அது இன்னா மீனு தெரியுமா உனக்கு?"

"மீனுன்னு சொன்னாங்க..."

"நெத்திலி. கருவாடு. அழுவுனா அது குப்பைக்குப் போவும், கய்த்துக்குப் போவுமா? தோ, அதே சரக்குதான். மோந்து பாரு."

கூடையிலிருந்து ஒரு கை அள்ளி அவர் மூக்கடியில் நீட்டினாள். அவர் மோந்து பார்த்தார். தும்மினார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு எழுதத் தொடங்கினார்.

"அழுகுன மீன் இல்ல... நெத்திலிக் கருவாடு... எழுதிக்கிட்டேன். எத்தனை நாள் காய வைப்பீங்க?"

அத்தை சொன்னாள். உப்பு எப்படிப் போட வேண்டும், எந்த மணலில் போடக் கூடாது, பனி பட்டால் என்ன ஆகும் என்று எல்லாம் சொன்னாள். அவர் பேனா நிற்காமல் ஓடியது. பின் மேஜைக்காரர்கள்கூட நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். "மழை வந்தா என்ன பண்ணுவீங்கம்மா?" என்றார் ஒருவர். "ஒன் வூட்டாண்ட கொண்டாந்து காய வெப்பேன்" என்றாள் அத்தை. ஆபீஸே அதிர்ந்தது. எங்கள் வீட்டு ஆள் ஒருத்தி சொல்வதைப் படித்தவர்கள் இத்தனை பேர் உட்கார்ந்து கேட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு அத்தை படத்தைக் காட்டினாள். குரலும் இறங்கியது.

"நைனா, இது அடிக்கிற கை இல்ல. கை குடுக்கறதுக்கு நீட்டின கை. மொத நாளு அந்தாளு பேங்க்காரங்களுக்கு எல்லாம் கை குடுத்தாரு. எங்க புள்ளைங்களுக்கு மட்டும் குடுக்கல. மூக்க மூடிகினாரு. அதான் மாலை. அதுக்குத்தான் மாலை."

அந்தப் பையன் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்துவிட்டுத் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"அவனுக்கு வேல போய்டும் நைனா. கை குடுக்கல, அதான் சங்கதி. அதப் போடு."

"சரிம்மா, பாக்குறேன்" என்றார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினார். "மாலையை நீங்கதான் கட்டினீங்களா?" என்று கேட்டார். அதற்கு மட்டும் மறுபடி பேனாவைத் திறந்தார்.

மறுநாள் சாயங்காலமே வந்துவிட்டது. சின்னச் செய்தி இல்லை. கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். வாசலில் மறுபடி அதே பெட்டி, மறுபடி நான். கம்பெனி மைதானத்தில் வீரர்கள் அணிந்து வந்தது அழுகிய மீன் என்று வெளியான செய்தி தவறானது, அது தரமான நெத்திலிக் கருவாடு எனத் தெரிய வருகிறது என்று தொடங்கியது. பிறகு அத்தை கூடையோடு மாடியேறி வந்தது, உதவி ஆசிரியரின் மூக்கில் நீட்டியது, அவர் தும்மியது, மழைக்கு வீட்டுக்கு வருவதாகச் சொன்னது எல்லாம் வந்திருந்தது. அத்தை பேச்சை அவள் பேசுகிற மாதிரியே, கொஞ்சம் கூடுதலாகவே, போட்டிருந்தார்கள். தலைப்பு, "மோந்து பாரு நைனா!"

தெருவே கொண்டாடியது. பேப்பர்காரனே தப்பு என்று ஒத்துக்கொண்டான் என்று பேச்சு. அத்தை வெட்கத்தோடு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "கை சங்கதி வந்துகீதா பாப்பா?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் மேலிருந்து கீழ் வரைக்கும் தேடினேன். அதற்குள் யாரோ சோடா வாங்கி வந்தார்கள்.

சித்தப்பா அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு டைம் ஆபீஸுக்குப் புறப்பட்டார். மறுப்பை நான்தான் வாங்கி வந்தேன் என்பதால் நானும் கூடப் போனேன். கிளார்க் வாங்கிப் படித்தார். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு உரக்கப் படித்துக் காட்டினார். அவரும் சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அந்த வாரம் முழுக்க நான் எங்கே பார்த்தாலும் எங்களைப் பற்றிச் சிரிப்பாகவே இருந்தது.

சிரித்து ஓய்ந்ததும் கிளார்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேப்பரைத் திருப்பிக் கொடுத்தார். அவர் குரல் மாறியிருந்தது.

"மீன் நல்ல மீன்னு போட்டிருக்கான்ப்பா. ஆள் நல்ல ஆள்னு போடலையே. இதை எப்படிக் கொண்டுபோய் அவர் டேபிள்ல வைக்கிறது?"

சித்தப்பா தலையை ஆட்டினார். தேங்க்ஸ் சார் என்று கையை நீட்டினார். கிளார்க் மேஜைக்கு மேலாக எழுந்து கை கொடுத்தார்.

சித்தப்பாவுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைக்கவில்லை. வேறு கம்பெனிகளிலும் கிடைக்கவில்லை. ரகளை பண்ணுகிறவர் என்ற பெயர் அவருக்கு முன்னால் போய் ஒவ்வொரு கேட்டிலும் நின்றுகொண்டது. அடுத்த பருவத்தில் அப்பாவோடு லாஞ்சு ஏறினார். அறுபது தாண்டுகிற வரைக்கும் இறங்கவில்லை. நடுவில் எத்தனையோ தடவை அத்தை தாத்தா படத்தின் முன்னால் உட்கார்ந்து, லாஞ்சு கரை தட்டுகிற வரைக்கும் வெற்றிலை போடாமல் இருந்திருக்கிறாள். அவளுடைய வியாபாரம் மட்டும் பெருகியது. பேப்பரில் வந்த நெத்திலி என்று ராயபுரத்திலிருந்துகூட ஆள் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். அவள் அதைப் பற்றி ஒரு தடவைகூடப் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு. அன்று டைம் ஆபீஸிலிருந்து திரும்பும்போது நாங்கள் கம்பெனிச் சுவரை ஒட்டி நடந்து வந்தோம். காற்று கம்பெனிப் பக்கமிருந்து அடித்தது. லெவல் கிராசிங்கில் கேட் போட்டிருந்தது. நின்றோம்.

"பாப்பா, கை குடுக்காத சங்கதிய உங்கத்தை சொன்னாளா அங்க?"

"சொன்னாங்க சித்தப்பா. ரெண்டு வாட்டி சொன்னாங்க."

"அவன் எய்திகினானா?"

"இல்ல. மீனு சங்கதிதான் எய்தினாரு. இதுக்குப் பேனாவ வெச்சிட்டு சும்மா கேட்டுகினு இருந்தாரு."

சித்தப்பா தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகம் நன்றாக இல்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது. எங்கள் டீச்சர் அடிக்கடி சொல்வார்: மறந்துபோகிறதை எழுதி வை, முக்கியமானதை மனதில் வை. அது நினைவுக்கு வந்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அது முக்கியமான சங்கதியில்ல சித்தப்பா? மறக்காது. அதான் அவரு எய்தல" என்றேன்.

சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கேட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற சைக்கிள்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். கும்மிடிப்பூண்டி வண்டி வந்து தடதடவென்று போகிற வரைக்கும் அவர் சிரிப்பு நிற்கவில்லை.

கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டோம் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.